எழுதித் தந்தால் திரும்பிப் போறன்

குதிரைப் பாதைகளுக்கு ஒரு வரைபடம் போட வேண்டும் என்கிற யோசனை எனக்கு ஒரு சண்டையின் நடுவில் வந்தது. சண்டை என்னுடையது அல்ல. நான் பாட்டுக்கு ட்ரோன் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கெ மலைக்காட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். பட்டை வண்டு அரித்துச் செத்துப்போன ஸ்ப்ரூஸ் மரங்களை மேலிருந்து படம் பிடித்து எண்ணுவது அப்போது என் வேலை. டிரெஸ்டனில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு பொன்னிறக் குதிரை குறுக்கே நின்றது. மேலே ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாக ஒரு பெண். எதிரே, நடைக்கோல் பிடித்த ஒரு ஜெர்மன் கணவன் மனைவி. கணவர் கோலை நீட்டி நீட்டிப் பேசினார். இது நடக்கிறவர்களுக்கான பாதையாம், குதிரை வரக் கூடாதாம், உடனே திரும்ப வேண்டுமாம்.

"எங்கே எழுதியிருக்கிறது?" என்று அந்தப் பெண் ஜெர்மனில் கேட்டார். குரல் உயரவே இல்லை.

"இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்."

"எல்லோருக்கும் தெரிந்ததை யாராவது ஒருவர் எழுதி வைத்திருப்பார். காட்டுங்கள். எழுதியிருந்தால் திரும்பிப் போகிறேன்."

பிறகு குனிந்து, குதிரையின் காதருகே, "பொறடி லொட்டே, ஐயா தேடிப் பாத்துக்கொண்டு வரட்டும்" என்றார்.

தமிழ்! கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டர் மேலே, பனிமூட்டத்துக்குள், ஒரு குதிரையிடம் தமிழ். ட்ரோன் முதுகில் இருந்தது, கையில் இருந்திருந்தால் கீழே போட்டிருப்பேன்.

"அக்கா, நீங்க தமிழா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குதிரைக்கே விளங்குது. உமக்குச் சந்தேகமோ?"

அந்த ஜெர்மன்காரர் சாய்ந்து நின்ற மரத்தில், அவர் தலைக்குச் சரியாக மேலே, கையகல மரப்பலகை ஒன்று இருந்தது. பாதி பாசி. மீதியில் குதிரையும் ஆளும் பொறித்திருந்தது. குதிரைப் பாதைக்கான அடையாளம். அக்கா அதை முதலிலேயே காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அந்த மனிதரே திரும்பிப் பார்க்கிற வரை காத்திருந்தார். பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கினார். குதிரை தலையை ஆட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனது.

எந்த நடைபயணச் செயலியிலும் இந்தப் பாதை இல்லை என்று அன்று மாலையே தேடிக் கண்டுபிடித்தேன். நடக்கிறவனுக்கு நூறு வரைபடம், சைக்கிள்காரனுக்கு ஐம்பது, குதிரைக்கு ஒன்றும் கிடையாது. நான் போடுவேன் என்று முடிவு செய்தேன். யோசனை வந்த அன்றைக்கே வேலையைத் தொடங்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அது நல்ல குணம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதினால் முதல் ஆட்சேபக் கடிதம் எனக்குத்தான் வரும்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மலையடிவாரத்து ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை. ஊரில் வேறு தமிழர் யாரும் இல்லை. காலைப் பணி இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்கு லொட்டேயின் மேல் இருப்பார். லொட்டே ஹாஃப்லிங்கர் இனப் பெண் குதிரை. மலைக்கென்றே பிறந்த கட்டைக் கால்கள், வெள்ளை வெளேரென்ற பிடரி. இந்த ஜெர்மன் மாநிலத்துக் காட்டில் குதிரைக்கும் நம்பர் பிளேட் உண்டு. கடிவாளத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் தகடு. சவாரிக்கு முன் அதைத் தன் சட்டைக் கையால் ஒருமுறை துடைப்பார். "எங்கடை ஆளுக்கு எல்லாம் எழுத்திலை இருக்கு" என்பார்.

எழுத்தில் இருப்பது, இல்லாதது. அக்காவுக்கு உலகம் இந்த இரண்டுதான். யாராவது வாயால் 'கூடாது' என்றால், அவர் 'ஷ்ரிஃப்ட்லிஷ்' என்பார். எழுத்து மூலம் தாருங்கள் என்பதற்கு ஜெர்மன் சொல். அதை அவர் சொல்கிற விதம் யாரோ ஒருவர் கதவைச் சாத்தும்போது இன்னொருவர் சப்பாத்துக் காலை இடையில் வைப்பது மாதிரி இருக்கும்.

முதியோர் இல்லத்தில் ஒரு தமிழ்ப் பெண் பயிற்சிக்குச் சேர்ந்தாள். டிரெஸ்டனில் இருந்து தினமும் ரயிலில் வருவாள். நடைக்கூடத்தில் இருவரும் தமிழில் பேசக் கூடாது என்று புதிதாக வந்த மேலாளர் சொன்னாராம். அக்கா கையில் இருந்த தேநீர்த் தட்டைக் கீழே வைக்காமலே, "ஷ்ரிஃப்ட்லிஷ், தயவுசெய்து" என்றாராம். கடிதம் வரவில்லை. மறுநாளில் இருந்து இருவரும் முன்பைவிடக் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்கள்.

டிரெஸ்டனில் நாங்கள் மாணவர்கள் நடத்திய பொங்கலுக்கு அக்காவை அழைத்து வந்தேன். ஹனோவரில் இருந்து உறவினரைப் பார்க்க வந்திருந்த ஒரு அண்ணை, சர்க்கரைப் பொங்கல் தட்டோடு அருகில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நீங்கள் குதிரை ஓடுறியளாம் எண்டு கேள்விப்பட்டன். ஐம்பது தாண்டின பொம்பிளைக்கு உது என்ன விளையாட்டு? விழுந்து கிடந்தா ஆர் பாக்கிறது?"

"அண்ணை, நீங்கள் இப்ப சொன்னதை ஒரு தாளிலை எழுதி, கீழை கையெழுத்தும் வைச்சுத் தாங்கோ. ஒரு மாதத்துக்குள்ளை பதில் போடுறன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. அண்ணையும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

சிரிப்பாக மட்டும் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இன்னொரு பக்கம் உண்டு. லொட்டேயின் முன்னங்கால் வீங்கியபோது மிருக வைத்தியர் இரண்டு வாரம் ஏறக் கூடாது என்றார். அக்கா அவரிடமும் எழுதி வாங்கினார். வாங்கியதை லாயக் கதவில் ஒட்டினார். பத்தாவது நாளே வீக்கம் வற்றிவிட்டது. வெயில் வேறு, காடு பளபளவென்று கிடந்தது. "அக்கா, சரியாயிடுச்சே, சும்மா ஒரு ரவுண்ட் போயிட்டு வாங்களேன்" என்றேன். கதவில் இருந்த தாளைக் கண்ணால் காட்டினார். இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று அர்த்தம். எழுதாத தடைக்கு ஓரடிகூட விட்டுக்கொடுக்காதவர், எழுதிய தடையை ஒரு மணி நேரம்கூட மீற மாட்டார். சட்டத்தை மீறுகிறவர்களை எனக்குப் புரியும். இப்படிச் சட்டத்தையே கையில் பிடித்துக்கொண்டு எதிர்த்து நிற்கிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சில நேரம் பயமாகக்கூட இருந்தது.

காரணத்தை ஒருமுறைதான் சொன்னார். குளம்பில் சிக்கிய கல்லைக் கொக்கியால் நெம்பிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் அகதியா வந்த காலத்திலை எங்களுக்கு மாவட்டத்தை விட்டு வெளியாலை போக அனுமதி இல்லை. தங்கச்சிக்கு ஹனோவரிலை கலியாணம் சரிவந்தது. கந்தோரிலை போய்க் கேட்டன். கவுண்டரிலை இருந்தவள் தலையை நிமித்தாமலே ஏலாது எண்டாள். நான் திரும்பி வந்திட்டன். பிறகுதான் தெரியும், ஒரு அன்ட்ராக், விண்ணப்பம், எழுதிக் குடுத்திருந்தா ரெண்டு நாள் விட்டிருப்பினம். என்னோடை இருந்த எல்லாருக்கும் விட்டவை."

"உங்க தங்கச்சி என்ன சொன்னாங்க?"

"அவள் என்ன சொல்லுறது? நான் வரேல்லை. அவ்வளவுதான்." கொக்கியைத் துடைத்தார். "மற்றக் காலைத் தூக்கடி, லொட்டே."

அந்தக் காலத்தில் அவர் இருந்த அகதி விடுதியின் வேலிக்கு அப்பால் ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. சம்பளம் இல்லாமல் குதிரைச் சாணி அள்ளுவது வேலையா, இல்லையா என்று அதே அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதம்தான் அவர் இன்றுவரை சேர்த்து வைத்திருக்கும் கோப்பில் முதல் தாள். சாணி அள்ளியதற்குப் பதிலாக அவர்கள் சவாரி பழக்கினார்கள்.

சண்டை நடந்த அந்தக் குதிரைப் பாதையில் என்னையும் ஒருநாள் லொட்டே மேல் ஏற்றிக் கூட்டிப் போனார். அவர் கீழே நடந்தார், கயிறு அவர் கையில். மொத்தம் ஆறு கிலோமீட்டர். கீழே ஒரு ஓடை. பாலம் கிடையாது, குதிரை இறங்கித்தான் கடக்க வேண்டும். நடுவே வேர்கள் படிக்கட்டுப் போல் குறுக்கே ஓடுகிற ஏற்றம். மேலே செத்த ஸ்ப்ரூஸ்கள் சாம்பல் நிறத்தில் நிற்கிற மலைமுகடு, அங்கிருந்து செக் நாட்டு மலைகள் தெரியும். கிளைகளை ஆள் உட்கார்ந்த குதிரையின் உயரத்துக்கு யாரோ அளந்து வெட்டியிருந்தார்கள். பாதை ஒரு குகை மாதிரி இருந்தது. நான் மேலே இருந்து ட்ரோனில் பார்த்துக்கொண்டிருந்த அதே காடு. ஆனால் மேலே இருந்து பார்த்தபோது அதில் பாதையே தெரிந்ததில்லை.

"இது இல்லாட்டி வேறை வழி இருக்கா அக்கா?"

"ஏன் இல்லை, பெரிய ரோட்டு இருக்கு. மரம் ஏத்தின லொறி ஓடுற ரோட்டு. குதிரையோடை அதிலை போறதுக்கு எனக்கு விசர் இல்லை."

ஆக, லாயத்தில் இருந்து மலைக்கு லொட்டே போக அந்த ஒரு பாதைதான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

செத்த மரங்களின் வரைபடத்தை வன அலுவலகத்துக்கு ஒப்படைக்க வேண்டிய நாள் வந்தது. மரங்களை மட்டும் காட்டினால் போதும் என்றுதான் ஒப்பந்தம். எனக்குத்தான் யோசனைகள் வந்துகொண்டே இருக்குமே. குதிரைப் பாதையையும் அதில் வரைந்து சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. பாதையின் இரு பக்கமும் முப்பது மீட்டர், அதாவது ஒரு மரத்தின் உயரம், ஆபத்து எல்லை என்று கணினிக்குச் சொன்னேன். அதற்குள் ஒரு செத்த மரம் இருந்தாலும் அந்தத் துண்டு சிவப்பாகும். பாதையை எத்தனை துண்டாக வெட்டினேன் தெரியுமா? மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டர். அவசரத்தில் கணக்கு லேசாக இருக்கட்டும் என்று. ஒரே ஒரு செத்த மரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் சிவப்பு. ஆறு கிலோமீட்டரும் சிவப்பானது. வரைபடம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பாதையின் வாயில் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். உயிராபத்து, மறு அறிவிப்பு வரை மூடப்படுகிறது. எழுத்தில்.

அக்கா நாடாவைத் தாண்டவில்லை. தினம் மூன்று மணிக்கு லொட்டேயோடு அதன் முன்னால் வந்து நிற்பார், பத்து நிமிடம். பிறகு திரும்பிவிடுவார். ஆட்சேபக் கடிதத்தை ஒரு மாதக் கெடுவுக்குள் போட்டார். வந்த பதிலில், பல்கலைக்கழக ஆய்வின் அடிப்படையில் முடிவு எடுக்கப்பட்டது, வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. வரைபடத்தின் மூலையில் என் பெயர்.

பணி முடிந்த சீருடையோடு ரயில் ஏறி என் அறைக்கே வந்தார். கடிதக் கோப்பை மேசை மேல் திறந்து வைத்தார்.

"உது நீர் கீறினதோ?"

"ஆமா அக்கா."

"எந்த மரம்?"

"என்னது?"

"உயிராபத்து எண்டு போட்டிருக்கிறீர். எந்த மரம் விழுந்து ஆரைக் கொல்லப் போகுது? மரத்தைக் காட்டும்."

கணினியைத் திறந்தேன். முதல் துண்டில், ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு மரம். பாதையில் இருந்து இருபத்தெட்டு மீட்டர் தள்ளி, சரிவுக்குக் கீழே. விழுந்தாலும் கீழ்நோக்கித்தான் விழும். ஒரு நிமிடத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரையை அல்ல.

"அக்கா, மேப்ல மிஸ்டேக் இருக்குன்னு எனக்கே புரியுது. ஆனா..."

"நல்லது. அதை எழுதித் தாரும்."

அந்த வாரம்தான் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் விசா. திட்டம் முடிந்து அறிக்கை போய்விட்டது, இனி அதில் கை வைக்காதே என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் அக்காவிடம் விளக்கினேன், வேகவேகமாக, கையை ஆட்டி ஆட்டி. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இப்ப ஏலாது எண்டுறீர்."

"இப்ப முடியாது அக்கா. சாரி."

"சரி. ஏலாது எண்டதையாவது எழுதித் தாருமன்."

பேனா என் கையிலேயே இருந்தது. தாளும் இருந்தது. நான் எழுதவில்லை. அக்கா கோப்பை மூடினார். நான் ஊற்றி வைத்த தேநீரை முழுதாகக் குடித்தார், நன்றி சொன்னார், போனார். கோபமாக ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. லொட்டேயை நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு பண்ணையில் விட்டார், வாரம் ஒருமுறைதான் பார்க்க முடிகிறது என்று அந்தப் பயிற்சிப் பெண் மூலம் கேள்விப்பட்டேன். நாலு வருடம் ஓடிவிட்டது. ஒப்பந்தம் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. குதிரைப் பாதை வரைபடத்தை நான் முடிக்கவே இல்லை.

போன வாரம் ஒரு அறிவிப்பு வெளியானது. பயன்பாட்டில் இல்லாததால் அந்தப் பாதையைக் குதிரைப் பாதைப் பட்டியலில் இருந்தே நீக்கப் போகிறார்கள். ஆட்சேபிக்க மூன்று வாரம். நீக்கிவிட்டால் பிறகு நாடாவை அவிழ்த்தாலும் குதிரைக்கு அங்கே இடம் கிடையாது.

பேராசிரியரிடம் போனேன். என் வரைபடம் தவறு, திருத்திக் கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர், காபி எல்லாம் கொடுத்தார். பழைய திட்டங்களைக் கிளறுவது உன் அடுத்த விண்ணப்பத்துக்கு நல்லதல்ல, வேண்டாமே என்றார்.

"இதை எனக்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மின்னஞ்சல் இன்று வரை வரவில்லை.

அன்றே அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். பின்னால் சாப்பாட்டு வண்டி உருளுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, நான்..."

"குரல் தெரியுது. சொல்லும்."

"அந்தப் பாதையை லிஸ்ட்ல இருந்து தூக்கப் போறாங்க."

"ஓம். எனக்கும் கடிதம் வந்தது."

"என் மேப் தப்புன்னு நான் எழுதிக் கொடுக்கப் போறேன்."

வண்டி நின்றது.

"நாலு வரியமா யோசிச்சனீரோ?"

"ஆமா."

"ம்." வண்டி மறுபடி உருண்டது. "பிழை எண்டு மட்டும் எழுதினாக் காணாது, பிள்ளை. அவை கேப்பினம். ஒவ்வொரு மரமாச் சொல்லோணும்."

"சொல்றேன். நடந்தே போய்ப் பார்க்கப் போறேன்."

"ஆறு கிலோமீட்டரும்?"

"ஆறும்."

"உமக்கு விசர்" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஓடையிலை இப்ப தண்ணி கூட. முழங்கால் சப்பாத்து வைச்சிருக்கிறீரோ?"

இல்லை. நாளை வாங்குகிறேன்.

காட்டுக்குள் போக அனுமதி கேட்டு எழுதினேன், கிடைத்திருக்கிறது. ஓர் ஆளுக்கு, நாலு நாட்களுக்கு, நடந்து மட்டும். அளவு நாடா, சரிவை அளக்கும் சாய்மானி, சுண்ணக்கட்டி, மழையில் நனையாத குறிப்பேடு. பாதைக்கு முப்பது மீட்டருக்குள் நிற்கிற ஒவ்வொரு செத்த மரத்துக்கும் ஒரு வரி: எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் சாய்வு, விழுந்தால் எங்கே விழும். ஆபத்தான மரமும் இருக்கும், ஏன் இல்லாமல்? அதையும் ஒளிக்காமல் எழுதுவேன். அதை வெட்டிவிட்டுப் பாதையைத் திறக்கச் சொல்வேன். முடியாது என்றால் மேல்முறையீடு. அதற்கும் முடியாது என்றால் அதற்கு மேலே யார் என்று பார்ப்போம்.

இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முடித்தால் கெடு முடிய இரண்டு நாள் மிச்சம் இருக்கும். சனிக்கிழமை முதல் பேருந்து ஆறு இருபதுக்கு. ஓடையைக் கடந்ததும் என் வரைபடத்தின் முதல் சிவப்புப் புள்ளி. அந்த மரத்தில் இருந்து தொடங்குகிறேன்.